ஆம்ப் இல்லாமல் கதவு ஸ்பீக்கரை மாற்றுதல்: 300 வாட் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

பிராஸ்பெக்டன் ஷிப்ட் (டர்பன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2006ஆம் ஆண்டுக் கொரோலா. நான் வேலைக்குப் போகும் பிராஸ்பெக்டனிலேயே தயாரான வண்டி. சென்ற மாதம் முன் இடது கதவிலிருந்து, தவிலில் அடி விழும்போதெல்லாம் யாரோ காகிதத்தைக் கசக்குவது போன்ற சத்தம் வரத் தொடங்கியது. கதவின் உள்மூடியைக் கழற்றிப் பார்த்ததில், கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு விளிம்பை விட்டுக் கால்வட்டம் அளவுக்குப் பிரிந்திருந்தது. மற்ற மூன்றும் பாடுகின்றன. ஆனால் அவையும் இதே வயதுடையவைதாம்.

கடை ஒன்றில் விசாரித்தபோது, "300 வாட், மூன்று வழி" என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஒரு ஜோடியை எடுத்து வைத்தார்கள். கூடவே, ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் தனிப்பெட்டி) வைத்தால்தான் அதன் அருமை தெரியும் என்று அடுத்த செலவுக்கும் வழி காட்டினார்கள். எனக்கு ஆம்ப் வேண்டாம். பின்பெட்டியில் அப்பாவின் சக்கர நாற்காலி எப்போதும் இருக்கிறது, பேட்டரியிலிருந்து உள்ளே புதுக் கம்பி இழுக்கவும் மனமில்லை. என் ஸ்டீரியோ பிற்பாடு வாங்கி மாட்டியது. அதன் முகப்பில் 4×50 வாட் என்று பொறித்திருக்கிறது. 50 வாட்டைக் கொண்டு 300 வாட் ஸ்பீக்கரை ஓட்ட முடியுமா, அல்லது பழையதைப் போன்றதையே தேடி மாட்டிவிட்டுப் பேசாமல் இருப்பது நல்லதா என்பதே என் கேள்வி.


பழைய ரேடியோக்காரர் (ஃபீனிக்ஸ்) எழுதியது:

தம்பி, முதலில் அந்த 50 வாட்டைப் பார்ப்போம், ஏனென்றால் அது 50 வாட் அல்ல. இன்ஜின் ஓடும்போது வண்டியின் மின்சாரம் 14 வோல்ட்டுக்குச் சற்றுக் கூடக் குறைய இருக்கும். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சிறிய ஆம்ப் சில்லுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதை உயர்த்தித் தரும் சுற்று எதுவும் அதற்குள் இல்லை. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக ஆட்டி, உள்ளே இழப்பதைக் கழித்தால், உச்சத்தில் 12 அல்லது 13 வோல்ட் கிடைக்கும். சராசரிக் கணக்கில் அது ஏறத்தாழ 9 வோல்ட். 9ஐ 9ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமால் வகுத்தால் 20 வாட் வருகிறது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டால் 14 வாட் அளவுக்கு இறங்கிவிடும். முகப்பில் பொறித்திருக்கும் 50, ஒலி முழுவதும் நசுங்கிச் சதுர அலையாகப் போகும் நேரத்துக் கணக்கு. அந்த நிலையில் பாட்டைக் கேட்க முடியாது.

இனி அந்த 300. அது ஸ்பீக்கர் தாங்கும் சூட்டின் அளவு, அதுவும் பெரும்பாலும் ஒரு நொடித் தாக்குக்கான எண். பத்து மூட்டை ஏற்றக்கூடிய வண்டி என்று சொன்னால் அதில் பத்து மூட்டை இருக்கிறது என்று பொருளாகாது. உங்கள் ஸ்டீரியோ தரும் 20 வாட்டுக்கு, 300 வாட் தாங்கும் ஸ்பீக்கரும் 50 வாட் தாங்கும் ஸ்பீக்கரும் ஒன்றே.

நீங்கள் பெட்டியில் தேட வேண்டியது சென்சிட்டிவிட்டி என்ற எண்ணை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்று அது சொல்லும். ஒவ்வொரு 3 டெசிபலும் வாட்டை இரட்டிப்பதற்குச் சமம். 92 டெசிபல் ஸ்பீக்கர் உங்கள் 20 வாட்டில் எழுப்பும் சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கரிடம் கேட்டால், அதற்கு 50 வாட் வேண்டும். அந்த 50 உங்களிடம் இல்லை.

இதிலும் ஒரு சூது உண்டு, கவனியுங்கள். சில நிறுவனங்கள் "ஒரு வாட்" என்று போடாமல் "2.83 வோல்ட்" என்று போடுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் அது சரியாக ஒரு வாட். 4 ஓமில் அதுவே இரண்டு வாட். ஆகவே 2.83 வோல்ட் என்று போட்டிருக்கும் 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணிலிருந்து 3ஐக் கழித்துவிட்டுத்தான் மற்றதோடு ஒப்பிட வேண்டும்.


வெருலம் பக்கி (வெருலம்) எழுதியது:

ஐயா சொல்வதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் பக்கியின் (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள சிறு வண்டி) முன்கதவுகளில் 6×9 நீள்வட்ட ஸ்பீக்கர்கள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, கடையில் தேர்ந்தெடுத்துக் கொடுத்த "350 வாட்" ஜோடியை மாட்டினேன். கையில் எடுத்தபோது நல்ல கனம். தடித்த ரப்பர் விளிம்பு, பெரிய காந்தம். கனமாக இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில், முன்பு 18இல் வைத்துக் கேட்ட பாட்டுக்கு 26 வரை திருக வேண்டியிருந்தது. கம்பெனி ஸ்பீக்கரின் கூம்பு மெல்லிய காகிதம் என்று நாம் ஏளனம் செய்கிறோம், ஆனால் அந்த மெலிவினால்தான் அது கொஞ்சம் மின்சாரத்துக்கே குதிக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

சத்தம் போதாமல் நான் 30, 32 என்று ஏற்றிக்கொண்டே போனேன். மூன்று மாதத்தில் வலதுபக்க ட்வீட்டர், அதாவது மேல்சுருதிகளுக்கான சிறு ஸ்பீக்கர், செத்தது. குறைந்த வாட்டில் ஓடிய ஸ்பீக்கர் எப்படி எரியும் என்று கடையில் கேட்டதற்கு, தண்ணீர் பட்டிருக்கும் என்றார்கள்.


பழைய ரேடியோக்காரர் எழுதியது:

தண்ணீர் அல்ல. ஸ்டீரியோ தன் எல்லையைத் தாண்டியதும் அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. அப்படி வெட்டுப்பட்ட அலையில், பாட்டில் இல்லாத மேல்சுருதிகள் ஏராளமாகப் பிறக்கும். அவை நேரே ட்வீட்டருக்குப் போகும். முடியைப் போன்ற கம்பி சுற்றிய ட்வீட்டர் அந்தச் சூட்டைத் தாங்காது. பெரும்பாலான ஸ்டீரியோக்களில் ஒலி அளவின் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பாஸ் (கீழ்ச்சுருதி) உயர்த்தும் பொத்தானைப் போட்டிருந்தால் அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வந்துவிடும்.


வீணை வகுப்பு (டோங்காட்) எழுதியது:

சென்சிட்டிவிட்டி ஒன்றையே பிடித்துக்கொண்டு போனால் வேறொரு பள்ளத்தில் விழலாம் என்று சொல்ல விரும்புகிறேன். அதிக டெசிபல் காட்டும் மலிவான ஸ்பீக்கர்கள் பலவற்றில் அந்தச் சத்தம் முழுவதும் மேலே, பேச்சின் "ஸ" ஓசை இருக்கும் இடத்தில், குவிந்து கிடக்கும். கடையில் இரண்டு நிமிடம் கேட்கும்போது அது தெளிவு போலத் தோன்றும். நாதஸ்வரத்தை அரைமணி நேரம் அதில் கேட்டுப் பாருங்கள், காதுக்குள் ஊசி குத்துவது போல இருக்கும். ட்வீட்டர் பட்டுத்துணிக் குமிழாக இருந்தால் எனக்கு நிம்மதி. உலோகக் குமிழில் நல்லவையும் உண்டு, ஆனால் அவற்றைக் கேட்காமல் வாங்க மாட்டேன்.

கடைக்குப் போகும்போது உங்கள் பாட்டையே எடுத்துப் போங்கள். நான் தம்பூரா மட்டும் ஒலிக்கும் பதிவு ஒன்றும், மிருதங்கத் தனி ஒன்றும் வைத்திருக்கிறேன். தொப்பியில் விழும் அடிக்கு ஓர் அடியும் அதன் பின்னால் ஒரு கார்வையும் உண்டு. ஸ்பீக்கர் சரியில்லாவிட்டால் அடி மட்டும் கேட்கும், கார்வை கேட்காது. அல்லது எல்லா அடியும் ஒரே சுருதியில் "தும் தும்" என்று வரும்.

இன்னொன்று. நீங்கள் பெரும்பாலும் லோட்டஸ் எஃப்எம் கேட்பவர் என்றால், 25,000 ஹெர்ட்ஸ் வரை போகும் ட்வீட்டர் என்ற விளம்பரத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். எஃப்எம் ஒலிபரப்பில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வருவதில்லை.


லெனேஷியா வளைவு (ஜோஹன்னஸ்பர்க்) எழுதியது:

இவ்வளவு கணக்குப் போடுவதை விட, கையடக்கமான ஒரு ஆம்பை டாஷ்போர்டுக்குப் பின்னால் மாட்டிவிட்டால் பிரச்சினை முடிந்ததே? இப்போது வரும் டி வகுப்பு ஆம்புகள் ஒரு புத்தக அளவுதான் இருக்கின்றன. பின்பெட்டியைத் தொடவே வேண்டாம்.


பிராஸ்பெக்டன் ஷிப்ட் எழுதியது:

அண்ணா, யோசனை நல்லது, ஆனாலும் அதற்கும் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த தனிக் கம்பி வேண்டும். அப்பா ரோபோட்டில் (சாலை சிக்னலில்) வண்டி நிற்கும்போதே பாட்டைக் குறைக்கச் சொல்பவர். டாக்ஸிகள் அதிர்வது போல என் வண்டி அதிர வேண்டியதில்லை. N2 நெடுஞ்சாலையில் 120இல் போகும்போது சாஹித்யம் புரிய வேண்டும், அவ்வளவே. பட்டியலை இப்படி வகுத்துக்கொண்டேன்: 4 ஓம், ஒரு வாட்டுக்கு 90 டெசிபலுக்குக் குறையாமல், 6.5 அங்குலம், ட்வீட்டர் நடுவில் அமைந்த இரண்டு வழி. 3 ஓம் என்றும் 2 ஓம் என்றும் சில ஜோடிகள் கண்ணில் படுகின்றனவே, அவை இன்னும் சத்தம் தருமாமே?


பழைய ரேடியோக்காரர் எழுதியது:

தரும், ஏனென்றால் ஓம் குறைந்தால் சில்லிலிருந்து கூடுதலாக மின்சாரம் இழுக்கும். ஸ்டீரியோவின் கையேட்டில் 4 ஓம் முதல் 8 ஓம் வரை என்று இருந்தால் 2 ஓமைத் தொடாதீர்கள். பிப்ரவரி வெயிலில் டாஷ்போர்டு ஏற்கெனவே கொதிக்கும் நேரத்தில் சில்லு சூடேறித் தானே அணைந்துவிடும், அல்லது அணையாமல் எரியும். 3 ஓம் ஓரளவு தாங்கும், கதவுவரை போகும் கம்பியின் தடை கொஞ்சம் கூடிக்கொள்கிறது. ஆனாலும் நான் 4 ஓமோடு நிற்பேன். மல்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.6 வரைதான் காட்டும்; அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

புதுக் கம்பி இழுக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி நான்கு மீட்டர் போய் நான்கு மீட்டர் திரும்பினாலும் அதன் தடை 0.3 ஓமைத் தாண்டாது. அதில் இழப்பது அரை டெசிபல் சொச்சம். அந்தக் காசைக் கதவுக்குச் செலவழியுங்கள்.

கதவைப் பற்றி நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்பக்கம் எழும் காற்றழுத்தமும் பின்பக்கம் எழும் காற்றுக்குறைவும் ஒன்றையொன்று சந்தித்தால் இரண்டும் தீர்ந்துபோகும். மேல்சுருதிகளுக்கு இது பெரிய இடையூறு அல்ல. கீழ்ச்சுருதிகள் இதில்தான் செத்துப்போகின்றன. கதவின் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், அவற்றைக் கம்பெனி ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடியிருக்கும். கண்ணாடி ஏற்றும் மோட்டாரைப் பழுதுபார்க்க ஒருமுறை கதவைத் திறந்த வண்டி என்றால், அந்தத் தாள் கிழிந்து தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரை மாட்டினாலும், வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஏசி போட்ட கதைதான்.

பியூட்டில் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் ரப்பர் போன்ற தாள்) வாங்குங்கள். கூரைக்கு ஒட்டும் தார் ஷீட் வேண்டாம், நம் ஊர் வெயிலில் அது இளகி ஒழுகும், நாற்றமும் அடிக்கும். முதலில் கையை உள்ளே விட்டு, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருக்கும் வெளித்தகட்டில் ஒரு துண்டு ஒட்டுங்கள். பிறகு உள்தகட்டின் ஓட்டைகளை மூடுங்கள். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். மூடினால் ஒரே மழைக்காலத்தில் கதவின் அடி துருப்பிடித்துவிடும். சில புதிய வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த உணரி கதவுக்குள்ளேயே இருக்கும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கதவை அடைக்கக் கிளம்ப வேண்டாம், முதலில் கையேட்டைப் பாருங்கள்.


வெருலம் பக்கி எழுதியது:

ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் வெட்டிக் கொடுத்தார்கள். கடற்காற்றிலும் கதவுக்குள் வழியும் மழைநீரிலும் இரண்டே ஆண்டில் அது ஊறிய ரஸ்க் போல உப்பி, திருகாணிகள் பிடிப்பில்லாமல் சுற்றின. பிளாஸ்டிக் வளையம் வாங்குங்கள், அல்லது கெட்டியான பிளாஸ்டிக் காய்கறிப் பலகையை வெட்டிக்கொள்ளுங்கள்.


பிராஸ்பெக்டன் ஷிப்ட் எழுதியது:

சென்ற ஞாயிற்றுக்கிழமை இடது கதவை முடித்தேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த திருகாணிகளை எடுத்து, உள்மூடியைக் கீழிருந்து இழுத்தேன். இரண்டு கிளிப்புகள் உடைந்தன. பழைய ஸ்பீக்கரைத் திருகாணியால் அல்ல, ரிவெட்டால் பிடித்திருந்தார்கள். ரிவெட்டின் தலையைத் துளையிட்டு எடுக்கும்போது இரும்புத்தூள் கதவுக்குள் கொட்டாமல் இருக்க, ஈரத்துணி ஒன்றைக் கீழே திணித்து வைத்தேன். அப்படியும் பழைய ஸ்பீக்கரின் காந்தம் முழுவதும் முள்ளம்பன்றி போலத் தூள் சிலிர்த்து நின்றது. புதிய ஸ்பீக்கரை இந்த வேலையெல்லாம் முடிந்து, கதவைத் துடைத்து எடுத்த பிறகே பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள்.

ஐயா சொன்னபடியே பிளாஸ்டிக் தாள் கீழ்ப்பாதியில் கிழிந்திருந்தது. பழைய கறுப்புப் பசை வெல்லப்பாகு போல நூல் நூலாக நீண்டு, தொட்ட இடமெல்லாம் ஒட்டியது. அதைச் சுருட்டி, அதே பசையாலேயே உருட்டி உருட்டித் தொட்டு எடுத்தால் வருகிறது என்று ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கண்டுபிடித்தேன். அதன்பின் ஸ்பிரிட்டால் துடைத்து, ஷீட்டை ஒட்டி, கரண்டியின் முதுகால் தேய்த்தேன். கதவைத் தட்டிப் பார்த்தபோது தகரச் சத்தம் போய், மரப்பெட்டியைத் தட்டியது போல இருந்தது.

அடுத்து ஆழம். கண்ணாடியை முழுவதும் இறக்கி அளந்தபோது, உள்தகட்டிலிருந்து கண்ணாடிவரை 58 மில்லிமீட்டர்தான் இருந்தது. புதிய ஸ்பீக்கரின் ஆழம் 62. அதனால் 12 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வளையம் வைத்தேன். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பஞ்சு நாடா ஒட்டினேன். ஸ்பீக்கரின் முகத்தைச் சுற்றியும் ஒரு பஞ்சு வளையம் ஒட்டி, அது உள்மூடியின் சல்லடையைத் தொடும்படி செய்தேன். இல்லாவிட்டால் பாதிச் சத்தம் உள்மூடிக்குப் பின்னாலேயே சுற்றுகிறது.

எல்லாவற்றையும் மூடி, இன்ஜினைப் போட்டுப் பாட்டை வைத்தேன். சத்தம் நிறைய இருந்தது, வார்த்தை ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆனால் பாஸ் மட்டும் முன்பிருந்ததை விடக் குறைந்துபோய், பாடுபவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பாடுவது போல இருந்தது. இவ்வளவு வேலைக்குப் பிறகு இதுவா என்று சோர்ந்துவிட்டேன்.


வீணை வகுப்பு எழுதியது:

பேலன்ஸை முழுவதும் இடப்பக்கம் திருப்பிக் கேளுங்கள். இடது மட்டும் ஒலிக்கும்போது பாஸ் நன்றாக இருந்து, இரண்டும் சேரும்போது காணாமல் போனால், ஏதோ ஒரு பக்கத்தில் கம்பி தலைகீழாக மாட்டியிருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கிறது. தம்பூராப் பதிவை வைத்தால் ஒலி நடுவில் நிற்காமல் இரண்டு காதுக்கும் வெளியே சிதறி நிற்பது உடனே தெரியும்.


பிராஸ்பெக்டன் ஷிப்ட் எழுதியது:

அம்மா, அதுவேதான். கப்ளரை (கம்பிகளைக் கோக்கும் பிளாஸ்டிக் இணைப்பியை) வெட்டிப் புதிய முனைகளை வைத்தபோது, கோடு போட்ட கம்பிதான் பாசிட்டிவ் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியை, கதவுவரை வரும் கம்பியில் அல்ல, கழற்றிய ஸ்பீக்கரில் நேராகத் தொட்டுப் பார்த்தேன். கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் பாசிட்டிவ். பழைய ஸ்பீக்கரையும் அப்படியே சோதித்து, எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று கைப்பேசியில் எடுத்திருந்த படத்தோடு ஒப்பிட்டேன். மாற்றி மாட்டியதும் பாடுபவர் டாஷ்போர்டின் நடுவுக்கு வந்து உட்கார்ந்தார்.

இப்போது இரண்டு கேள்விகள் மிச்சம். ஸ்டீரியோவில் எச்பிஎஃப் என்று ஒன்று இருக்கிறது. 80, 100, 120 என்று காட்டுகிறது. அதை எங்கே வைப்பது? பின்கதவு ஸ்பீக்கர்களையும் மாற்ற வேண்டுமா?


பழைய ரேடியோக்காரர் எழுதியது:

எச்பிஎஃப் என்பது, காட்டும் எண்ணுக்குக் (ஹெர்ட்ஸ்) கீழே உள்ள சுருதிகளை ஸ்பீக்கருக்குப் போகாமல் குறைக்கும் வடிகட்டி. 80இல் தொடங்குங்கள். அதே சத்தத்தில் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். உங்கள் 20 வாட்டை அந்த ஆட்டத்தில் வீணாக்காமல் விட்டால், குரலுக்கும் வீணைக்கும் கூடுதல் இடம் கிடைக்கும், ஒலி அளவையும் நசுங்காமல் இன்னும் இரண்டு மூன்று எண் ஏற்றலாம். மழையில் ஜன்னல் மூடிப் போகும்போது 80 போதும். கண்ணாடியை இறக்கிவிட்டு வேகமாகப் போகும் நாளில் 100 வைத்துப் பாருங்கள். பாஸ் உயர்த்தும் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

உங்கள் ஸ்டீரியோவில் இந்த வசதி இல்லாமலிருந்தால், ஸ்பீக்கரின் பாசிட்டிவ் கம்பியில் 300 மைக்ரோஃபாரட் அளவில் துருவமற்ற கப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக வைக்கச் சொல்லியிருப்பேன். 4 ஓமுக்கு அது 130 ஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து கீழே மெல்லக் குறைக்கும். உங்களுக்கு அது தேவையில்லை.

பின்கதவை இப்போதைக்கு விடுங்கள். வலது முன்கதவை முடித்துவிட்டு, ஃபேடரை (முன், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பங்கிடும் அமைப்பை) முன்பக்கம் மூன்று நான்கு படி தள்ளிக் கேளுங்கள். பின்னால் உட்காருபவர் யார்?


பிராஸ்பெக்டன் ஷிப்ட் எழுதியது:

பின்னால் பெரும்பாலும் காய்கறிப் பைகள்தான், ஐயா. ஆகவே பின்கதவுகள் கம்பெனி ஸ்பீக்கரோடேயே இருக்கட்டும். வலது கதவை நேற்று மாலை முடித்தேன், இந்த முறை கிளிப்பு ஒன்றுதான் உடைந்தது. எச்பிஎஃப்பை 80இல் வைத்து, ஒலி அளவு 20இல் கேட்கிறேன்; முன்பு 24 வரை போனாலும் இந்த அளவு வராது. பூட்டின் கம்பி ஒன்று உள்ளே கதவுத்தகட்டில் பட்டுச் சிணுங்கியது, அதில் மிஞ்சிய பஞ்சு நாடாவைச் சுற்றியதும் அடங்கிவிட்டது. ஷீட்டில் மூன்று துண்டு மீதம் இருக்கிறது; வெருலம் அண்ணன் அடுத்த முறை சாட்ஸ்வொர்த் பக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.